மூன்றாம் நிமிடத்தில் உடைகிற குரல்

ராக் இசை கேட்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் யார் பெரியவர் என்ற சண்டை வந்தே தீரும். ஹெண்ட்ரிக்ஸா ஜெஃப் பெக்கா, ஜான் பானமா கீத் மூனா என்று ஆரம்பித்தால் கொண்டுவைத்த டீ ஆறிப்போகும்; பேச்சு ஆறாது. அமெரிக்காவில் இந்தச் சண்டைக்கு ஒரு மாளிகையே இருக்கிறது. கிளீவ்லாந்து நகரில், ஈரி ஏரிக்கரையில், ஐ. எம். பெய் வடிவமைத்த கண்ணாடிப் பிரமிடு. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்று பெயர். 1986-இல் சக் பெர்ரி, எல்விஸ் பிரெஸ்லி, ஜேம்ஸ் பிரவுன், ரே சார்லஸ் முதலானவர்களை முதல் வரிசையாகச் சேர்த்தார்கள். கட்டடம் திறந்தது 1995-இல். முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டு கடந்தவர்களுக்கே அங்கே இடம். ஆண்டுதோறும் பட்டியல் வரும், கூடவே ‘இவரை எப்படி விட்டார்கள்’ என்ற குமுறலும் வரும். பிளாக் சபாத் 2006 வரை வெளியே நின்றது. டீப் பர்ப்பிள் 2016 வரை.

எனக்கு இந்தச் சண்டை மிகவும் பிடிக்கும். ஆனால் எத்தனை தட்டு விற்றது, விரல் எவ்வளவு வேகமாக ஓடியது, மைதானம் எத்தனை முறை நிரம்பியது என்றே பேச்சு போய்விடுகிறது. பாட்டுக்குள் நுழைந்து, ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, ‘இது ஒன்றுக்காகவே இவரைக் கொண்டாட வேண்டும்’ என்று வாதாடுபவர்கள் குறைவு. அப்படி வாதாட எனக்கு ஒரு பாட்டு உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் 1969 கடைசியில் வெளியிட்ட ‘லெட் இட் பிளீட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு, ‘கிம்மி ஷெல்டர்’. நாலரை நிமிடம்.

ஸ்டோன்ஸை 1989-இல் ஹாலில் சேர்த்தபோது எட்டுப் பெயர்களை எழுதினார்கள். அந்த எட்டுப் பேரில் இந்தப் பாட்டில் வாசித்துப் பாடியவர்கள் நான்கு பேர்தான்: மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ், பில் வைமன், சார்லி வாட்ஸ். பட்டியலில் இல்லாத மூன்று பேரும் இந்தப் பதிவில் இருக்கிறார்கள். பியானோவில் நிக்கி ஹாப்கின்ஸ், சிறு தாளக் கருவிகளில் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர், இன்னொரு குரலாக மெர்ரி கிளேட்டன். பெருமையைப் பங்கிடும் கணக்கு இங்கேயே இடிக்கத் தொடங்குகிறது.

முதலில் வருவது கீத்தின் கிட்டார். லண்டனில் நண்பர் ஒருவரின் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, புயல்மழைக்கு ஜனங்கள் சிதறி ஓடுவதைப் பார்த்தபடி இந்த மெட்டைப் பிடித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஆம்ப்ளிஃபயரின் டிரெமலோ ஒலியைக் கூட்டிக் குறைத்து நடுங்கவைக்கிறது. சுரங்கள் மிகக் கொஞ்சம். ஒரு வரியை வாசித்துவிட்டு நிறுத்துகிறார். அடுத்த வரி வருவதற்குள் அந்த நடுக்கம் காற்றில் தேய்கிறது. பின்னால் மில்லரின் குய்ரோ கரகரவென்று உரசிக்கொண்டே வர, தூரத்தில் சொல்லில்லாத குரல்கள் எழுகின்றன. டிரம்ஸ் முழுதாக இறங்குவதற்கு முன்பே கேட்பவனுக்கு வயிற்றில் ஒரு கலக்கம் பிறந்துவிடும். வாசித்த கிட்டாரும் ஆஸ்திரேலியாவின் மேட்டன் கம்பெனி செய்த, யாரோ வீட்டில் விட்டுப்போன ஒன்று. கடைசிச் சுரத்தில் அதன் கழுத்து கழன்று விழுந்ததாம். வேக விரல் பட்டியல்களில் கீத்துக்கு மேலே எத்தனையோ பேர் வரலாம். எந்த இடத்தில் வாசிக்காமல் இருக்க வேண்டும் என்று அறிந்தவர்களின் பட்டியல் போட்டால் அவரை முந்த ஆள் தேட வேண்டும்.

இனி சார்லி வாட்ஸ். அவரைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும்.

ராக் டிரம்மர்களில் பெரும்பாலோர் வலது கையால் ஹை-ஹாட் தகடுகளை இடைவிடாமல் தட்டிக்கொண்டே, இரண்டாவது, நான்காவது அடிகளில் இடது கையால் ஸ்னேரை அடிப்பார்கள். அந்த இரு அடிகளிலும் தகடும் தோலும் சேர்ந்தே ஒலிக்கும். வாட்ஸ் அப்படிச் செய்வதில்லை. ஸ்னேர் விழும் நொடியில் வலது கையைத் தகட்டிலிருந்து தூக்கிவிடுவார். பழைய மேடைப் பதிவுகளைப் பார்த்தால் தெரியும், அந்தக் கை ஒவ்வொரு முறையும் மேலே எழுந்து ஒதுங்கி நிற்கும். அதனால் ஸ்னேர் அடி தனியாக, சுத்தமாக, கூடத்தில் ஒருவர் மட்டும் கை தட்டியதுபோல் விழுகிறது. அதற்கு முன்னும் பின்னும் கண்ணிமைக்கும் நேரம் ஒரு வெற்றிடம். பாட்டு மூச்சு விடுவது அந்த இடத்தில்தான். காலமெல்லாம் நான்கே டிரம் கொண்ட சிறிய செட்டில், ஜாஸ் வாசிப்பவரின் நளினத்தோடு இதைச் செய்தார். தனி ஆவர்த்தனம் அவருக்குப் பிடிக்காது.

இன்னொரு நுட்பம். மற்றக் குழுக்களில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் கைகோத்து நடக்கும். மற்றவர்கள் அவர்களைப் பின்தொடர்வார்கள். ஸ்டோன்ஸில் வாட்ஸ் கீத்தின் கிட்டாரைக் கேட்டு அதன் பின்னே வருவார், வைமன் இருவரையும் பார்த்துக்கொண்டு நடப்பார். மூவருக்கும் இடையே ஒரு மயிரிழை விலகல் எப்போதும் இருக்கும். கணினி வைத்து அதை நேராக்கினால் பாட்டு செத்துவிடும். வாட்ஸ் 2021-இல் இறந்த பிறகும் குழு மேடை ஏறியது, ஆனால் அந்த விலகலை வேறெவராலும் கொண்டுவர முடியும் என்று நான் நம்பவில்லை.

பானமை நான் குறைத்துச் சொல்லவில்லை. லெட் செப்பலினின் முதல் ஆல்பம் தொடங்கும் பாட்டிலேயே, ஒரே காலால் ஒற்றை மிதியில் அவர் அடிக்கும் மும்மை அடிகள் இரண்டு கால்களின் வேலையோ என்று மயங்கவைக்கும். 1980-இல் 32 வயதில் அவர் போனதும் குழுவே கலைந்தது. அதைவிட என்ன மரியாதை வேண்டும்? ஆனால் பானம் வாசித்தால் பானம் கேட்கிறார். வாட்ஸ் வாசித்தால் பக்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் துலக்கமாகக் கேட்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் வாட்ஸ் பக்கம்.

ஹாப்கின்ஸின் பியானோவைத் தனியாகக் கவனிக்க இரண்டு மூன்று முறை கேட்க வேண்டும். கிட்டாருக்கு அடியில் கனமாக, இருட்டாக ஓடுகிறது. குடல் நோயால் நெடுங்காலம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். ஊர் ஊராகப் போக உடம்பு ஒத்துழைக்காததால் ஸ்டுடியோவே கதி என்றானார். பீட்டில்ஸ், தி ஹூ, கிங்க்ஸ், ஜான் லெனன் என்று அவர் கை படாத இடம் குறைவு. 1994-இல் இறந்தார். ஹால் அவரை நினைத்தது 2025-இல்.

கடைசியாக மெர்ரி கிளேட்டன். 1969 இலையுதிர் காலம், லாஸ் ஏஞ்சலஸ். தூங்கப்போகும் நேரத்தில் இசையமைப்பாளர் ஜாக் நிட்சேயிடமிருந்து போன் வருகிறது, அவசரமாக ஒரு பெண்குரல் வேண்டுமாம். கிளேட்டனுக்கு அப்போது இருபது வயது; கர்ப்பிணி. ரே சார்லஸின் ரேலெட்ஸ் குழுவில் பாடித் தேர்ந்தவர். தலைமுடியைச் சுருட்டிய ரோலர்களைக்கூட எடுக்காமல் கிளம்பினார். கொலையும் வன்புணர்வும் கூப்பிடு தூரத்தில் நிற்பதாகச் சொல்லும் பல்லவியைக் கையில் கொடுத்தார்கள். பாடினார். மறுபடியும் கேட்டார்கள். இந்த முறை அறையையே அதிரவைப்பதென்று முடிவுசெய்து ஒரு ஸ்தாயி மேலே போனதாக, 2013-இல் வந்த ‘ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ ஆவணப்படத்தில் அவரே சொல்கிறார்.

அந்தப் பதிவுதான் நாம் கேட்பது. தனியாக அவர் பல்லவியை எடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். முதல் முறை குரல் முழுசாக, திடமாக இருக்கிறது. இரண்டாம் முறை ஒரு சொல்லின் உச்சியில் சின்னக் கீறல். மூன்றாம் முறை, மூன்றாம் நிமிடத்தின் விளிம்பில், இன்னொரு சொல்லில் குரல் பட்டென்று உடைகிறது. உடைந்ததும் அவர் இறங்கி ஒதுங்கவில்லை. கிழிந்த குரலோடு அதே உயரத்தில் நின்று வரியை முடிக்கிறார். பயிற்சியற்ற குரல் களைத்து உடைந்தால் கேட்பவன் முகம் சுளிப்பான். இங்கே ஒரு தேர்ந்த பாடகி, உடையும் என்று தெரிந்தே குரலை அந்த உயரத்தில் வைத்திருக்கிறார். பாட்டு சொல்லும் பயங்கரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் மெய்யாகிறது. உடனே பின்னாலிருந்து மெல்லிதாக ஒரு கூவல் கேட்கும். ஜாகரின் ‘வூ!’ என்ற வியப்பு. பதிவை மெருகேற்றியபோது அதை அழித்திருக்கலாம், விட்டுவைத்தார்கள். ஒரு கலைஞருக்கு இன்னொரு கலைஞர் அந்த நொடியிலேயே செய்த மரியாதை அது. எந்த மண்டபத்தில் எந்த விருது கொடுத்தாலும் அதற்கு ஈடாகுமா என்று எனக்குச் சந்தேகம்.

அந்த இரவுக்குப் பின் அவர் கரு கலைந்தது. பாடிய களைப்பே காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. பல ஆண்டுகள் அந்தப் பாட்டைக் கேட்கவே தன்னால் முடியவில்லை என்று அவர் பேசியிருக்கிறார். ஆல்பத்தின் உறையிலோ அவர் பெயரை ‘மேரி’ என்று தவறாக அச்சிட்டார்கள்.

பின்னணியில் உழைத்தவர்களை ஹால் அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2000-இல் அவர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கி, டிரம்மர்கள் ஹால் பிளெய்ன், ஏர்ல் பாமர், மோடவுனின் பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் போன்றவர்களைச் சேர்த்தார்கள். 2010-இல் அதன் பெயரையும் இசைத் திறனுக்கான விருது என்று மாற்றினார்கள். மற்றவர்களின் பாட்டுகளுக்குப் பின்னணி பாடியே பல்லாண்டு வாழ்ந்த டார்லீன் லவ் 2011-இல் உள்ளே வந்தார். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் 2025 வரையிலான பட்டியல்களில் கிளேட்டன் பெயர் இல்லை.

ஒரே ஒரு பாட்டுக்காகவா என்று கேட்பார்கள். முதலில், ஒரு பாட்டோடு நிற்பவர் இல்லை அவர். 1970-இல் இதே பாட்டைத் தன் பெயரிலேயே பதிவுசெய்து, அதையே தன் முதல் தனி ஆல்பத்தின் பெயராகவும் வைத்தார். இரண்டாவது, ஒரு பாட்டு போதாதா? ஐம்பது ஆண்டு மேடையேறியும் இப்படி ஒரு நொடியைத் தராதவர்கள் அந்தப் பிரமிடுக்குள் பலர் இருக்கிறார்கள். அடுத்த முறை ஓட்டுப் போட உட்காருபவர்கள் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கட்டும். முதலாவதில் அவர் பிறர் பாட்டில் விருந்தாளி, இரண்டாவதில் வீட்டுக்காரி. அதன் பிறகும் கை தயங்கினால் எந்த இடத்தில் தயங்கியது என்று சொல்லட்டும். நான் வாதாடத் தயார்.