செடியின் பசியும் அரங்கின் எளிமையும்

அரங்குக்குப் பொருள்வளம் எந்த அளவுக்கு இன்றியமையாதது என்ற வினா பல்கலைக்கழக நாடகக்காரரை என்றும் விட்டகல்வதில்லை. இங்கிலாந்திலே சிறு மண்டபமொன்றில் மாணவர் குழுவொன்று அளித்த 'லிற்றில் ஷொப் ஒவ் ஹொறர்ஸ்' என்னும் இசைநாடகத்தைக் கண்டபோது, அவ்வினாவுக்கு ஒரு விடை கிடைத்ததாக உணர்ந்தேன்.

இதன் மூலம் 1960 இல் ரொஜர் கோர்மன் நெறிப்படுத்திய மலிவான திரைப்படமாகும். வேறொரு படத்துக்கென அமைக்கப்பட்டு எஞ்சியிருந்த களத்திலே அதன் முதன்மைப் படப்பிடிப்பு இரண்டே நாட்களில் நிறைவுற்றது. 1982 இல் ஹவார்ட் அஷ்மன் பிரதியையும் பாடல்களையும் எழுத, அலன் மென்கன் இசையமைத்தார். நியூயோர்க்கின் சிற்றரங்கொன்றிலே அது 1987 வரை 2,209 தடவைகள் மேடையேறியது.

படத்திலே குருதி வேண்டும் செடி, பூக்கடை உதவியாளனான சீமோர் வளர்த்த கலப்பினம். நாடகத்திலோ சூரிய கிரகணத்தின்போது விண்ணிலிருந்து வந்த படையெடுப்பாளன். வறிய சீமோருக்குப் புகழும் பணமும் அது தருகின்றது. விலையாக மனிதரைக் கேட்கின்றது. விஞ்ஞானப் புனைவின் போர்வையில் இங்கு பேசப்படுவது வெற்றியின் விலையே.

நான் கண்ட அளிக்கையிலே செடி வெறும் துணியும் நுரைப்பஞ்சுமே. சீமோர் அதனைத் தாங்கிவரும் காட்சியில் நடிகரின் ஒரு கை பொய்க்கை. மெய்க்கை பாவைக்குள்ளே மறைந்து அதன் வாயை அசைக்கின்றது. தந்திரத்தை அறிந்த பின்னரும் அச்சம் குறையவில்லை. அறுபதுகளின் பாடகியர் குழுக்களை நினைவூட்டும் பெயர்கொண்ட மூன்று பெண்கள் கதையை எடுத்துரைத்தனர். கூத்தின் பிற்பாட்டை அறிந்த நமக்கு இவ்வுத்தி அந்நியமானதன்று.

குறையொன்றையும் கூறவேண்டும். நாயகி ஓட்ரியை அவளது காதலனான பல்வைத்தியன் அடித்துத் துன்புறுத்துவது நகைப்புக்குரியதாக்கப்படுகின்றது. அக்காட்சிகளில் மண்டபம் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. செடியின் கொடுமையை உணர்த்தும் பிரதி இக்கொடுமையை எளிதில் கடந்துசெல்கின்றது.

எனினும் முடிவு வலிமையானது. அனைவரையும் விழுங்கிய செடியின் கொடிகள் பார்வையாளர் மீதே இறங்குகின்றன. பெரும் பொருட்செலவில் பிராங்க் ஒஸ் நெறிப்படுத்தி 1986 இல் வெளிவந்த திரைப்படமோ, முன்னோட்டப் பார்வையாளரின் வெறுப்புக்கு அஞ்சி மங்களமாக முடிக்கப்பட்டது. படமாக்கப்பட்ட முதல் முடிவு 2012 இலேயே மீட்டு வெளியிடப்பட்டது. மேடையிலே இறந்தவர் இறுதியில் எழுந்து வணங்குவர். ஆகவே கசப்பை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். திரையில் அவ்வாறு மீள்வாரில்லை.

ஆகவே எளிமை இங்கு குறைபாடன்று. உண்மையைச் சொல்வதற்கான சுதந்திரமாகும். செலவு பெருகும்போது, செலவிட்டவர் பார்வையாளரின் விருப்பத்துக்குப் பணியவேண்டியவராகின்றனர். சீமோரின் கதையும் அதுதானே! வசதியின்மையைச் சொல்லி நாடகத்தைத் தள்ளிப்போடும் நாம் இதனைச் சிந்தித்தல் நன்று.