விலை கைக்கு வந்தது, விளைச்சல்?

2024 ஜனவரியில் கொழும்பில் ஒரு கிலோ கரட் 2000 ரூபாவைத் தொட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நூறு கிராம், இருநூறு கிராம் என்று நிறுத்து வாங்கினார்கள். மலைநாட்டில் விடாமல் பெய்த மழை பயிரைக் கெடுத்திருந்தது. விலை ஏறிய செய்தி கைத்தொலைபேசிகளில் உடனே பரவியது. சந்தைக்கு அதனால் ஒரு கரட்கூடக் கூடுதலாக வரவில்லை.

அதற்காக விலைத் தகவல் சேவைகளை ஒதுக்கித்தள்ள முடியாது. தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்தின் மொத்த விலைகளைத் திரட்டிய 'கொவி ஞான' சேவை, 2009இல் டயலொக் தொலைபேசி நிறுவனத்தின் 'ட்ரேட்நெட்' வழியாகக் கைத்தொலைபேசிக்கு வந்தது. அதுவரை பல தோட்டங்களில் லொறிக்காரர் சொன்னதே விலை. தம்புள்ளயில் போஞ்சி என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. பூச்சி விழுந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனையும் கேட்கலாம்.

ஆனால் தொலைபேசி சொல்வது இன்றைய விலை. கரட் விளைய ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். 2000 ரூபாவைப் பார்த்து எல்லோரும் விதைத்தால் அறுவடை நேரம் விலை படுத்துவிடும். யார், எங்கே, எத்தனை ஏக்கர் விதைத்திருக்கிறார்கள் என்பதே விதைக்குமுன் தெரியவேண்டிய கணக்கு. அது விலைப்பட்டியல்போல எளிதில் கைக்கு வருவதில்லை. வந்தாலும் வானம் ஒத்துழைக்க வேண்டுமே! பெரும்போக நடுவில், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல், வயல்களை வெள்ளத்தில் மூழ்கடித்து மலைச்சரிவுகளையும் சரித்தது. பழைய மழைக் கணக்கை வைத்துச் செய்யும் எந்த எதிர்வுகூறலும் இனிப் பாதி நம்பிக்கைக்கே உரியது.

இதைவிடப் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. இன்று விலை குறைவு என்று தெரிந்தாலும், குளிர்க்களஞ்சியம் இல்லாதவர் இன்றே விற்றாக வேண்டும். இலங்கையில் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் அறுவடைக்குப் பின் வீணாவதாக நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. மூட்டைமேல் மூட்டையாக லொறியில் அடுக்கினால் அடியில் கிடக்கும் தக்காளி என்னாகும்? 2011 டிசம்பரில் மரக்கறி ஏற்றிச்செல்லப் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசு முயன்றது. எதிர்ப்பு கிளம்பவும் பின்வாங்கியது. கூடைக்கு யார் காசு போடுவது, வெறுங்கூடையைத் தம்புள்ளயிலிருந்து யார் திருப்பி அனுப்புவது என்பவை செயலி எழுதித் தீர்க்கக்கூடிய கேள்விகளல்ல. செயலிக்குத் திறப்புவிழா வைப்பது இலகு, செலவும் குறைவு. கூடைக்கும் களஞ்சியத்துக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.