ஜி.பி.எஸ். வாடகையா, சொந்தமா? பாதிக் கணக்குதான் போடுறோம்

மாதவரத்திலிருந்து புழல் வழியா செங்குன்றம் வரைக்கும் ஜி.என்.டி. ரோட்டில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள் வரிசையா இருக்கு. அங்கெல்லாம் ஜி.பி.எஸ். விற்கிறவங்க கொடுக்கிற கொட்டேஷனில் ஒரு அட்டவணை இருக்கும்: ஒரு பக்கம் வாடகை, மறுபக்கம் சொந்தம். அந்த அட்டவணை கூட்டலில் தப்பு பண்ணுவதில்லை. எதைக் கூட்டணும் என்பதில்தான் தப்பு பண்ணுது.

முதலில் அவங்க கணக்கையே போடுவோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்களுக்கு வந்த விலையைப் போட்டுப் பாருங்க. கருவி 6,000 ரூபாய், சிம்முக்கும் சர்வருக்கும் வருஷம் 2,000. வாடகைன்னா எல்லாம் சேர்த்து மாசம் 300, அதாவது வருஷம் 3,600. வருஷ வித்தியாசம் 1,600. 6,000-ஐ 1,600-ஆல் வகுத்தால் 3.75. மூணேமுக்கால் வருஷம் வரை வாடகை லாபம், அதுக்கு மேல சொந்தம் லாபம்.

வாடகைப் பக்கம் நியாயமும் இருக்கு. ஜியோ 2016-ல் வரும்போதே 4ஜி மட்டும்தான். ஏர்டெல் 2020-ல் 3ஜி-யை மூடியது. பழைய மோடம் உள்ள கருவியைக் காசு கொடுத்து வாங்கினவருக்கு நெட்வொர்க் மாறினால் நஷ்டம். வாடகைக்கு எடுத்தவர் மாத்திக் கொடுன்னு கேட்கலாம். இதுவரைக்கும் பேசினது எல்லாம் பெட்டியைப் பத்தி.

ஆனா வடசென்னையில் டிரெய்லர் ஓட்டுறவருக்குப் பெட்டியா முக்கியம்? எண்ணூர் விரைவுச்சாலையில், ஜீரோ கேட் வரிசையில், வண்டி எத்தனை மணி நேரம் நின்னுச்சு என்பதுதான் அவருக்குப் பணம். ஹால்டிங் கேட்டால் பார்ட்டி முதலில் கேட்பது 'ஆதாரம் என்ன?' அந்த ஆதாரம் ஜி.பி.எஸ். பதிவு.

புழலில் என் உறவினர் ஒருத்தர் ஆறு டிரெய்லர் வச்சிருக்கார். வாடகைக் கருவி. விலையை ஏத்தினதால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. மறுநாளே லாகின் போச்சு. கூடவே, பில் இன்னும் பைசலாகாத மூணு மாசப் பதிவும் போச்சு. வாங்கியிருந்தால் தப்பிச்சிருப்பாரான்னு கேட்டால், அதுவும் இல்லை. பெட்டி நம்முது, பதிவு போய்ச் சேர்ற சர்வர் அவங்களுது. சர்வர் முகவரியை மாத்துற பாஸ்வேர்டு கையில் இல்லாமல் கருவியை வாங்குவது, முன்பணம் கட்டின வாடகைதான்.

சட்டமும் இந்த இடத்தை நிரப்பலை. ஏ.ஐ.எஸ்.-140 என்பது இந்தக் கருவிகளுக்கான தரநிலை. 2018 நவம்பரில் வந்த விதித் திருத்தம் தேசிய பெர்மிட் லாரிகளுக்குக் கண்காணிப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. வண்டி பேட்டரியைக் கழட்டினாலும் 4 மணி நேரம் ஓடணும், சிக்னல் இல்லாத இடத்தில் 40,000 பதிவுகளைச் சேமிச்சு வைக்கணும் என்றெல்லாம் தரநிலை கறாராச் சொல்லுது. குறைந்தது இரண்டு ஐ.பி. முகவரிகளுக்குத் தகவல் அனுப்பணும்: ஒன்று அரசுக் கண்காணிப்புக்கு, இன்னொன்று அவசர உதவிக்கு. காசு கொடுக்கிற வண்டிக்காரருக்குன்னு ஒரு முகவரி அந்தக் கட்டாயத்தில் இல்லை. என் முக்கியமான குறை இதுதான்.

வழக்குன்னு போனால் இன்னும் சிக்கல். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு. மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால், அந்தக் கணினியை நிர்வகிக்கிறவர் கையெழுத்திட்ட சான்றிதழும் வேணும். நீங்க சண்டை போட்டுப் பிரிஞ்ச கம்பெனி அதில் கையெழுத்துப் போடுமா?

வாடகை என்பதே மோசம்னு நான் சொல்லலை. ஐ.பி.எம். இந்தியாவில் 1401 கணினிகளை வாடகைக்கு விட்டது. 1978-ல் அது நாட்டை விட்டு வெளியேறினப்போ, அந்த இயந்திரங்களின் பராமரிப்பை அரசு நிறுவனமான சி.எம்.சி. எடுத்துக்கிட்டது. வேலை நிற்கலை. காரணம், இயந்திரம் வாடகையா இருந்தாலும் துளையிட்ட அட்டைகள் வாடிக்கையாளர் அலமாரியில் இருந்தன. இன்னிக்கு அந்த அலமாரியையும் சேர்த்து வாடகைக்கு எடுக்கிறோம்.

அதனால கொட்டேஷனில் விலைக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. மாசாமாசம் முழுப் பதிவையும் எக்செல் மாதிரி ஒரு ஃபைலாத் தருவீங்களா? ஒப்பந்தம் முடிஞ்சும் 90 நாள் லாகின் இருக்குமா, சான்றிதழில் கையெழுத்துப் போடுவீங்களா? நான் சொல்ற கூடுதல் முகவரிக்கும் தகவல் அனுப்ப முடியுமா? மூணாவதுக்கு 'முடியும்'னு சொன்னால், டிராக்கார் மாதிரி இலவசத் திறமூல மென்பொருளை ஒரு சின்ன சர்வரில் போட்டு உங்க பதிவை நீங்களே வச்சுக்கலாம்.

மூணுக்கும் ஆமாம்னா தாராளமா வாடகைக்கு எடுங்க. இல்லைன்னா, மூணேமுக்கால் வருஷக் கணக்குப் போட்டு வாங்கினாலும் ஹால்டிங் காசு கைக்கு வராது.