சாயத்தைப் பேசுகிறார்கள், சாதியைப் பேசவில்லை

சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சி. ஏசி அறை, மஞ்சள் விளக்கு. சுவர் நிறைய ஒரு துணி தொங்கியது. வெள்ளைத் தரையில் சிவப்பும் கறுப்பும், மூணே நிறம். நடுவில் கறுப்பு ஆட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு தாய். சுற்றிலும் கட்டம் கட்டமாக ஜனங்கள், மிருகங்கள். கீழே ஒட்டியிருந்த அட்டையில் இவ்வளவுதான்: 'குஜராத் கலம்காரி. இயற்கைச் சாயத்தில் கையால் தீட்டப்பட்ட மரபுக்கலை.' பக்கத்தில் நின்ற அம்மையார் ஒருவர், "நம்ம ஹாலுக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

அந்தத் துணிக்குச் சொந்தப் பெயர் உண்டு. மாதா நி பச்சேடி. அம்மனுக்குப் பின்னால் கட்டுகிற துணி என்று அர்த்தம். எழுதுகிறவர்கள் அகமதாபாத்தின் சித்தாரா குடும்பங்கள். வாக்ரி ஜனம். இன்று தேவிபூஜக் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பல்குச்சி விற்றவர்கள், வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்கி விற்கிறவர்கள். இவர்களைக் கோயிலுக்குள் விடவில்லை. அதனால் தாயைத் துணியில் எழுதிக்கொண்டோம் என்று அந்தக் குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றன. அட்டை எழுதினவருக்கு மட்டும் அது காதில் விழவில்லை போலிருக்கிறது.

அந்தக் கோயில் எப்படிப்பட்டது? நவராத்திரிக்கோ நேர்த்திக்கடனுக்கோ பக்கங்களில் பச்சேடியைத் திரை மாதிரிக் கட்டுவார்கள். மேலே சந்தர்வோ என்கிற சதுரத் துணியை இழுத்துக் கட்டினால் கூரை. கோயில் முடிந்தது. பூட்டும் இல்லை, நடை சாத்தலும் இல்லை. சாமி வந்து ஆடுகிற பூவா அதே ஜனத்தில் ஒருவர். திருவிழா முடிந்தால் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். ஊர் ஊராக அலைய வைக்கப்பட்ட ஜனம், தன்னோடு அலைகிற கோயிலைச் செய்துகொண்டது.

படத்துக்குள்ளேயே பாருங்கள். மெலடி மாதாவுக்கு ஆடு. பகுச்சராவுக்குச் சேவல். கோடியாருக்கு முதலை. விஹத்துக்கு எருமை. எருமையை மிதித்துக் கொல்கிற துர்க்கையைத்தான் நமக்குக் காலண்டரில் காட்டினார்கள். இங்கே அதே எருமை தாயைச் சுமந்துகொண்டு போகிறது. பலி ஆட்டை இழுத்துவருகிற ஆளுக்கும் கட்டத்துக்குள் இடம் உண்டு. எது தீட்டு என்று ஒதுக்கப்பட்டதோ அது துணியின் நடுவுக்கு வந்துவிடுகிறது. அழகியல் பேசுகிற பெரியவர்கள் இதை 'நாட்டுப்புற எளிமை' என்பார்கள். எளிமை இல்லை அய்யா, இது வழக்கு. வாதியே எழுதின மனு.

ஸ்ரீகாளஹஸ்தியிலும் துணியில்தான் எழுதினார்கள். அங்கே ராமாயணமும் பாரதமும் கோயில் திரைச்சீலைகளாயின. நலிந்துபோன அந்தக் கலைக்கு 1957-இல் அரசு பயிற்சி மையம் வைத்துக் கைகொடுத்தது. நல்லதுதான். ஆனால் ஒன்று கோயிலுக்குள் தொங்கின துணி. மற்றது கோயிலுக்கு வெளியே கோயிலாகவே நின்ற துணி. எழுதுகோல் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் கலம்காரி என்று ஒரே மூட்டையாகக் கட்டினால், வாசலில் நின்றவனுடைய கதை காணாமல் போய்விடும்.

இந்த 'இயற்கைச் சாயம்' பேச்சையும் கொஞ்சம் பார்ப்போம். துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காய்ச் சாற்றில் ஊறவைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சினால் கறுப்பு. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரப் பசை தடவி, அலிசரினோடு கொதிக்கவைத்தால் தடவின இடம் மட்டும் சிவக்கும். ஆனால் அலிசரினை 1868-லேயே ஜெர்மனியில் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். இன்று கடையில் வாங்குகிற தூள் பெரும்பாலும் அதுதான். அதனால் இந்தக் கலைக்கு ஒரு குறைவும் இல்லை. 'கலப்படமில்லாத மரபு' என்று சுத்தம் தேடுகிறவர்களுக்குத்தான் சங்கடம். சுத்தம் பேசி வெளியே தள்ளப்பட்ட ஜனத்தின் துணியிலேயே சுத்தத்தைத் தேடுவது என்ன நியாயம்?

சாயம் போக அலச ஓடுகிற தண்ணி வேண்டும். சபர்மதி ஆற்றில் அலசினார்கள். அதன் கரையைக் கான்கிரீட்டாக்கி 2012-இல் நடைபாதை திறந்தார்கள். உலாவ இடம் கிடைத்தது, துணி அலச இடம் சுருங்கியது. அட்டையில் இதுவும் இல்லை.

2023-இல் பச்சேடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் பானுபாய் சித்தாராவுக்குப் பத்மஸ்ரீ. சந்தோஷப்படுகிறேன், கை தட்டுகிறேன். ஆனால் துணிக்கு மரியாதை வந்துவிட்டால் ஜனத்துக்கு வந்துவிட்டதா?

அன்றைக்குக் கண்காட்சியை விட்டு வெளியே வந்தேன். வாசலில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்காவைக் காவலாளி விரட்டிக்கொண்டிருந்தார். "உள்ள வர்றவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு, போம்மா." நரிக்குறவர் பேசுகிற மொழிக்கு வாக்ரிபோலி என்று பெயர். குஜராத்திக்கு நெருங்கின மொழி. அவர்களும் தாயைச் சாமி மூட்டையில் துணியோடு துணியாகக் கட்டிக் கூடவே கொண்டுபோகிறவர்கள். பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரைக்கும் காத்திருந்தார்கள். உள்ளே வாக்ரிகளின் துணி, ஸ்பாட் லைட்டோடு. வெளியே வாக்ரி பேசுகிற பொம்பளை, தடிக்குச்சி முன்னால். எங்க ஊர்ல தேர் எங்க தெருவுக்குள்ள வராது. தெருமுனையில் தேங்காயோடு நின்ற என் அம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 'அவர்களே கோயில் கட்டிக்கொண்டார்கள், ஆகா, எதிர்ப்பண்பாடு' என்று நாமும் சிலிர்த்துக்கொண்டு நிறுத்திவிடக்கூடாது. கதவை அடைத்ததால்தான் கலை பிறந்தது என்று கதவுக்கு நன்றி சொல்ல முடியுமா? 1930-இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர் போராட்டம் தொடங்கியது சாமி பார்க்கிற ஆசையில் இல்லை. மனுசன் என்கிற உரிமைக்காக. பச்சேடி அந்த உரிமைக்கு மாற்று இல்லை. மறுத்ததற்குச் சாட்சி.

அந்தக் கண்காட்சிக்காரர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். துணியை எடுக்கச் சொல்லவில்லை, அட்டையை மாற்றச் சொல்லியிருக்கிறேன். 'கோயிலுக்குள் விடப்படாத ஜனங்கள் தங்கள் கோயிலாக எழுதிய துணி' என்று ஒரே ஒரு வரி போதும். அதை எழுத மறுத்தால், இவர்களுக்குப் பிடித்தது சாயம் மட்டும்தான் என்று புரிந்துகொள்வோம்.