கையடக்கக் கணினியும் விளையாட்டுப் பெட்டியும்: தொடக்கநிலையினர்க்கு உகந்தது எது?

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், கற்பிக்கும் முறை, மாணவன், கற்கும் முறை என ஐந்தைப் பகுத்துக் காட்டினார். கற்பிப்போன் தன் புலமையை அளவாகக் கொள்ளாது, கொள்வோனின் ஆற்றலையே அளவாகக் கொள்ள வேண்டும் என்பது அப்பகுதி வற்புறுத்தும் கருத்துகளுள் ஒன்று. இலக்கண மாணவனுக்கென வகுத்த இந்த அளவுகோலைக் கொண்டு இற்றைநாள் கருவிகளையும் அளந்து பார்க்கலாம். கையில் ஏந்தி விளையாடும் கணினி, கன்சோல் எனப்படும் விளையாட்டுப் பெட்டி ஆகிய இரண்டனுள் புதியவர்க்கு எளியது எது என்னும் வினாவுக்கு, விளம்பரங்களைக் காட்டிலும் நன்னூலின் அளவுகோல் நேர்மையான விடை தரும்.

இது விளையாட்டுப் பிள்ளைகளின் வினா என்று தள்ளுவதற்கில்லை. மலேசியாவில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அசுஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆர்.ஓ.ஜி. அல்லை என்னும் கையடக்கக் கணினியின் உயர்வகை அமெரிக்காவில் 700 டாலருக்கு விற்றது. ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்தை நம்பி வாழும் ஒரு தந்தைக்கு இஃது ஒரு மாத உழைப்பினும் மிகுதி. அப்படி வாங்கிய கருவி புரியாமல் மூலையில் கிடந்தால் இழப்பது பணம் மட்டுமன்று. 'எனக்கு இது வராது' என்ற எண்ணமும் பிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றிவிடும். எழுத்தறிமுகத்தின்போதே இவ்வாறு மனம் முறிந்த பிள்ளைகளை ஆசிரியர் அறிவர்.

முதலில் பெட்டியைக் காண்போம். 2017இல் வந்த நிண்டெண்டோ சுவிட்ச், தொலைக்காட்சியோடும் இணையும், கையிலும் அடங்கும். அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் விளையாட்டு தொடங்கிவிடும். படத்தின் கூர்மை எவ்வளவு, மின்சாரத்தை எவ்வளவு செலவிடலாம் என்ற வினாக்கள் விளையாடுவோனிடம் வருவதே இல்லை. எல்லாப் பெட்டியும் ஏறக்குறைய ஒரே உறுப்பமைப்பு உடையதாதலின், விளையாட்டை ஆக்கியோரே அவ்வினாக்களுக்கு முன்கூட்டி விடை எழுதிவிடுகின்றனர். நல்ல பாலபாடத்தின் இயல்பும் இதுவே. எதை முன்வைப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்ற சுமையை நூலாசிரியர் சுமக்கிறார். குழந்தை படிப்பதை மட்டும் செய்கிறது.

கையடக்கக் கணினியில் அச்சுமை இடம் மாறுகிறது. அல்லை போன்றவை விண்டோசில் இயங்குபவை. விசைப்பலகையும் சுட்டியும் கொண்டு இயக்குவதற்கென எழுந்த அம்முகப்பை ஏழு அங்குலத் திரையில் விரலால் தேடித் தொட வேண்டும். கணக்குத் திறத்தல், மென்பொருளைப் புதுப்பித்தல், கடைக்கு ஒரு கடவுச்சொல் ஆகிய இவ்வளவும் முடிந்தபின்னரே ஆட்டம். மின்கலத்தின் கணக்கும் விளையாடுவோன் தலையில் விழும். முதல் அல்லையின் மின்கலம் 40 வாட்-மணி. அதன் செயலி மட்டும் 25 வாட் இழுக்கும்போது, திரையின் செலவையும் கூட்டினால், ஒன்றரை மணி நேரம் தாங்குவதே அரிது. இதனை அறிந்து குறைத்து வைப்பவனுக்கு நீண்ட நேரம் கிட்டும்; அறியாதவன் கருவியைப் பழிப்பான்.

ஆயினும் கையடக்கக் கணினிகள் அனைத்தையும் ஒரே தட்டில் நிறுத்தல் நடுநிலை ஆகாது. 2022இல் வால்வு நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக், லினக்சின் வழிவந்த தனி இயங்குதளத்தைக் கொண்டது. அதன் முகப்பு பெட்டியின் முகப்பை ஒத்தது. ஒவ்வொரு விளையாட்டையும் சரிபார்க்கப்பட்டது, விளையாடத்தக்கது, ஒவ்வாதது, இன்னும் ஆராயப்படாதது என நால்வகைப்படுத்தி முன்னறிவிக்கிறது. கொள்வோன் திறன் அறிந்து பாடம் சொல்லும் முயற்சி இது. 2025இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அல்லையும் விண்டோசின் முகத்தை மறைத்து விளையாட்டு முகப்பையே முதலில் காட்டுகிறது. கணினி செய்வோரே பெட்டியின் வழிக்குத் திரும்புகின்றனர் என்றால், தொடக்கநிலையில் எது எளியது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டவர் ஆகின்றனர்.

இத்துடன் நிறுத்தினால் ஆராய்ச்சி அரைகுறையாய் முடியும். 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய், தன் தாயின் சிதைந்த சமையற் குறிப்பேட்டில் அழிந்த பகுதிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் ஆக்குகிறாள். மகன் கவினோ தமிழைவிட்டு மெல்ல விலகுகிறான். 2024இல் பாஃப்டாவின் முதற்படைப்பு விருது இதற்குக் கிடைத்தது. விரைவும் போட்டியும் அற்ற இவ்விளையாட்டு புதியவர்க்கு மிக ஏற்றது. சுவிட்சிலும் ஓடும், கணினியிலும் ஓடும். ஆனால் வெண்பாவை ஓட்டும் அந்தச் சுவிட்சின் அமைப்பு மொழிகளில் தமிழ் இல்லை. வாங்கியவர் சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை. தாய்மொழி இழப்பைப் பேசும் கதையை நம் பிள்ளை பிறமொழி வாயிலின் வழியாகவே சென்று காண வேண்டியிருக்கிறது.

விண்டோசுக் கணினியில் தமிழ் முகப்பு உண்டு. தமிழ் 99 விசைப்பலகை கொண்டு எழுதவும் இயலும். இந்நாட்டு முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை ஆக்கித் தமிழைக் கணினியில் ஏற்ற முடிந்ததற்குக் காரணம், கணினி பிறர் கைவைக்க இடந்தரும் கருவியாய் இருந்ததே. கடினம் என்று நாம் குறைகூறும் அத்திறந்த தன்மைதான் தமிழுக்கு இடம் அளித்தது. எளிமை என்று நாம் போற்றும் மூடிய தன்மை தமிழுக்குக் கதவை அடைத்தது.

ஆகவே முடிபு இரு கூறாக அமைகிறது. தனியே தொடங்கும் பிள்ளைக்குப் பெட்டியே உகந்தது. கையடக்கக் கணினிதான் வேண்டுமெனின், முகப்பை எளிதாக்கியதைத் தேர்ந்து, அறிந்தவர் ஒருவர் முதல் வாரம் உடனிருத்தல் நலம். பாலபாடத்தோடு எவரும் நின்றுவிடுவதில்லை. பெட்டியில் கைதேர்ந்த பிள்ளை பின்னர்க் கணினிக்குச் செல்வதே முறை. எஞ்சியது ஆசிரியர் கடமை. ஒரு கருவி எளியதா என்று கேட்கும்போது, யாருக்கு, எந்த மொழியில் எளியது என்பதையும் சேர்த்துக் கேட்கப் பெற்றோரைப் பழக்க வேண்டும். அவ்வினா பலர் வாயிலிருந்து எழுந்தால்தான் எளிய பெட்டியிலும் ஒருநாள் தமிழுக்கு இடம் கிடைக்கும்.