கணக்கில் ஏறாத பயணம்

பருவநிலைக் கேட்டைத் தணிக்கச் சுற்றுலாத் தலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று கூறும் ஆவணங்களுள் குறிப்பிடத்தக்கது, 2021 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் பருவநிலை மாநாட்டின்போது வெளியான கிளாஸ்கோ பிரகடனம். அளவில் சிறியது, ஒரு பாடவேளைக்குள் வாசித்து முடித்துவிடலாம். 2030க்குள் வாயு வெளியேற்றத்தைப் பாதியாக்கவும், 2050க்கு முன்பே இயன்ற விரைவில் வெளியேறுவதும் உறிஞ்சப்படுவதும் சமனாகும் நிலையை எய்தவும் துணைநிற்பதாகக் கையொப்பமிடுவோர் உறுதி கூறுகின்றனர். ஓராண்டுக்குள் செயல்திட்டம் தர வேண்டும். பின்னர் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். இது சட்டமன்று, விரும்பியோர் ஏற்கும் வாக்குறுதியே.

அளத்தல், கரி குறைத்தல், இயற்கையை மீட்டல், ஒத்துழைத்தல், நிதி தேடுதல் என ஐந்து வழிகளை அது காட்டுகிறது. அளத்தலை முதலில் வைத்தது நன்று. பிறிதோரிடத்தில் மரம் நட்டுக் கணக்கை நேர்செய்யும் வழக்கத்தையும் அது அடக்கி வைக்கிறது: ஈடுசெய்தல் துணைப்பணியாகலாம், உண்மையான குறைப்புக்கு அது மாற்றாகாது. விளம்பரங்களில் மரக்கன்று நடும் படங்களைக் கண்டு சலித்தவர்கள் இவ்வொரு வரிக்காகவே பிரகடனத்தைப் பாராட்டலாம்.

குறை வேறிடத்தில் உள்ளது. பயணத்தாலும் சுற்றுலாவாலும் எழும் வெளியேற்றம் அனைத்தையும் அளந்து வெளியிடுக என்பது முதல் வழி. ‘அனைத்தும்’ என்பது பெரிய சொல். அதன் எல்லை யாது? விமானம் ஓர் ஊரில் புறப்பட்டு மற்றோர் ஊரில் இறங்குகிறது. இடையில் அது கக்கிய புகை எவர் கணக்கு? புறப்பட்ட ஊரினதா, இறங்கிய ஊரினதா, விமான நிறுவனத்தினதா? 1997ஆம் ஆண்டுக் கியோட்டோ உடன்படிக்கை இப்பொறுப்பை அனைத்துலகக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் பக்கம் தள்ளிவிட்டது. நாடுகள் அளிக்கும் கணக்கிலும் பன்னாட்டு விமான எரிபொருள் தனியே குறிக்கப்படுகிறதேயன்றி, கூட்டுத்தொகையில் சேர்வதில்லை. கிளாஸ்கோ பிரகடனமோ ‘போக்குவரத்து’ என்ற சொல்லை உரைத்து, இம்முடிச்சை அவிழ்க்காமலே அப்பால் செல்கிறது.

லங்காவியை எடுத்துக்கொள்வோம். கோலப் பெர்லிசிலிருந்து படகில் வந்தவரும், ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பறந்து வந்தவரும் ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் தங்கலாம். குளிர்சாதனம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தைத்தான் உண்ணும். தீவு தன் விளக்குகளையும் வண்டிகளையும் மட்டும் அளந்தால், இருவருக்கும் வேற்றுமை தோன்றாது. வந்த வழியையும் சேர்த்து அளந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். பறந்து வந்தவர் 3 இரவுக்குப் பதில் 12 இரவு தங்குவாராயின், ஓர் இரவின்மேல் விழும் பயணப் பங்கு நாலில் ஒன்றாகும். ஆள் குறைந்தாலும் அறைகள் நிறையும். தொடக்கப்பள்ளி மாணவனும் போடக்கூடிய வகுத்தல் கணக்கு இது. எனினும் சுற்றுலா வாரியங்கள் பெருமையுடன் முன்வைப்பது வந்தோர் தலையெண்ணிக்கையையே அன்றோ?

அப்பெருமைக்கு விலை உண்டு. 2024இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வின்படி, 2019இல் உலக வெளியேற்றத்தில் சுற்றுலாவின் பங்கு 8.8 விழுக்காடு. 2009 முதல் 2019 வரை அது ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வளர்ந்தது. தொழில்நுட்பம் ஈட்டித் தந்த சிக்கனத்தைப் பயணப் பெருக்கம் விழுங்கிவிட்டது.

பொருள்மதிப்போடு நின்றுவிடாமல் வெற்றியைப் புதிதாக வரையறுக்க வேண்டும் என்று பிரகடனமே கூறுகிறது. எந்த அளவுகோலால் என்பதை மட்டும் தெளிவாக்கவில்லை. கையொப்பமிட்ட தலங்கள் தம் ஆண்டறிக்கையின் முதற்பக்கத்தில், வந்தோர் எத்தனை பேர் என்பதற்குப் பதிலாக, அவர்கள் தங்கிய இரவுகளையும் கடந்து வந்த தொலைவையும் அச்சிடத் தடையேதும் இல்லை.