வெட்டு விழுந்த இடம்

விலை உயர்ந்த பிராசசரைப் பாராட்டப் பெரிய ரசனை வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் வேகம் வந்துதான் தீரும். பார்க்கத் தெரிந்தவர்களுக்கு உரியது குறைந்த விலைப் பிராசசர். மேலே உள்ள ஒன்றிலிருந்து எதையாவது கழித்துத்தான் அதை உருவாக்குகிறார்கள். இரண்டு கோர் போகலாம், பாதி கேஷ் போகலாம், கிராபிக்ஸ் முழுவதும் போகலாம். வெட்டு நமக்குத் தேவைப்படாத இடத்தில் விழுந்திருந்தால் அது நல்ல பட்ஜெட் பிராசசர். தேவையான இடத்தில் விழுந்திருந்தால் வெறும் மலிவுச் சரக்கு.

இரண்டுக்கும் இன்டெல் ஒரே ஆண்டில் உதாரணம் கொடுத்தது. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரான் 266, பென்டியம் 2-இன் கோரைத்தான் கொண்டிருந்தது. ஆனால் இரண்டாம் நிலை கேஷை அடியோடு எடுத்துவிட்டார்கள். கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டிய தகவலுக்கு அது ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய் வந்தது. அலுவலக வேலைகளில் மிகவும் பின்தங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது செலரான் 300ஏ. அதில் கேஷ் 128 கேபி, பென்டியம் 2-இல் இருந்ததில் கால்பங்குதான். ஆனால் பென்டியம் 2-இன் 512 கேபி, பக்கத்தில் தனிச் சில்லுகளாக உட்கார்ந்து கோரின் பாதி வேகத்தில் ஓடியது. 300ஏ-யின் 128 கேபியோ கோருடன் ஒரே சிலிக்கானில் பதிந்து அதன் முழு வேகத்துக்கும் ஈடுகொடுத்தது. அளவில் சிறியது, வேகத்தில் இரட்டிப்பு. சிக்கனம் இவ்வளவு அழகாக அமைவது அபூர்வம்.

அதோடு முடியவில்லை. 300ஏ-யின் பெருக்கல் எண் 4.5 என்று பூட்டியிருந்தார்கள். அது பெருக்கும் பஸ் வேகத்தை முடிவு செய்வது மதர்போர்டு. 66-ஐ 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450-இல் ஓடும். எல்லாச் சில்லும் தாங்கவில்லை, தாங்கியவை ஏராளம். அதே வேளையில் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலை 669 டாலர்; 300ஏ 149 டாலர். சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் இன்னும் அதன் பெயரைச் சொல்வதில் வியப்பில்லை.

2017-இல் பென்டியம் ஜி4560 வந்தபோதும் இப்படி ஒரு மகிழ்ச்சி. 2 கோரில் 4 த்ரெட் ஓடுவது அதுவரை ஐ3 வாங்கியவர்களின் சலுகையாக இருந்தது. பென்டியம் அதை 64 டாலருக்குத் தந்தது. ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லை, கிளாக் 400 மெகாஹெர்ட்ஸ் குறைவு. அன்றாட வேலையில் இந்த இழப்பு தெரியவே தெரியாது.

வெட்டைப் பார்க்கும் கண்ணுக்கு மிக நல்ல பாடம் 2020-இல் ஏஎம்டி வெளியிட்ட இரட்டையர்: ரைசன் 3 3100, ரைசன் 3 3300எக்ஸ். இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட், 16 எம்பி கேஷ். பெட்டியைப் படித்தால் கிளாக் மட்டும்தான் வித்தியாசம். உள்ளே கதை வேறு. அந்தத் தலைமுறை ரைசனின் ஒரு சில்லில் நான்கு நான்கு கோராக இரண்டு குழுக்கள் உண்டு. 3100-இல் குழுவுக்கு இரண்டு கோரை விட்டு வைத்தார்கள். கேஷும் எட்டு எட்டாகப் பிரிந்தது. ஒரு குழுவின் கோர் மறு குழுவிடம் தகவல் கேட்டால் வெளியே சுற்றி வர வேண்டும். 3300எக்ஸ்-இல் நான்கு கோரும் ஒரே குழு, 16 எம்பியும் ஒரே குளம். விளையாட்டுகளில் அது முந்தியதற்குக் கிளாக் மட்டும் காரணமில்லை, இந்த அமைப்பும்தான். விலை வித்தியாசம் 21 டாலர். 3300எக்ஸ் கடைகளில் சரியாகக் கிடைக்காமலே போனது எனக்கு இன்றும் வருத்தம்.

வெட்டப்பட்டது என்பதற்காக யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ரைசன் 5 5600 என்பது 8 கோர் சில்லில் இரண்டை முடக்கியதுதான். சிலிக்கான் தகட்டில் எங்கோ விழுந்த சிறு குறையால் ஒரு கோர் கெட்டாலும், மிச்சத்தை வீணாக்காமல் இப்படி விற்கிறார்கள். 32 எம்பி கேஷ் முழுதாக இருக்கிறது. எண்ணில் ஏறக்குறைய அதன் தம்பியாகத் தெரியும் 5500-க்கும் 6 கோர்தான், ஆனால் கேஷ் 16 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறைக்குப் பதில் மூன்றாம் தலைமுறை. அங்கே வெட்டு வலிக்கும்.

2022 ஜனவரியில் வந்த கோர் ஐ3 12100எஃப்-ஐ நான் அடிக்கடி பரிந்துரைக்கிறேன். அதன் நான்கு கோரும் அத்தலைமுறையின் ஐ9-இல் உள்ள பெரிய கோர்களின் அதே வடிவமைப்பு. எண்ணிக்கையைக் குறைத்தார்கள், கோரின் தரத்தில் கை வைக்கவில்லை. டிடிஆர்4 ரேம் போடும் மதர்போர்டிலும் அது உட்காரும். பழைய ரேம் கையில் இருந்தால் அதுவும் லாபம்.

ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளில் விலை கேட்கும்போது பெட்டியோடு வருவதா, ட்ரேயா என்று கேளுங்கள். ட்ரே என்றால் கூலருக்குத் தனிக் காசு. கோர் எத்தனை என்பதற்கு முன்னால் கேஷ் எவ்வளவு என்று பாருங்கள். ஏற்கெனவே ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்பவருக்கு 5600. புதிதாகத் தொடங்குபவருக்கு, கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 12100எஃப். கார்டு பிறகுதான் வாங்க முடியும் என்றால் எஃப் இல்லாத 12100-ஐ வாங்குங்கள். எஃப் போட்டதில் திரைக்குப் படம் வராது.